டாங்க் மூடிக்கு அரக்கு

சிஸ்டருக்குத் துறை கொடுத்த பைக் அதற்கு முன் ஓர் ஆய்வாளரிடம் இருந்தது. ஆய்வாளர்கள் வெளியே போவதில்லை. ஆகவே வண்டி தேயவில்லை என்று துறை முடிவுசெய்து, அது நல்ல நிலையில் இருப்பதாகச் சான்று வழங்கியது. ஆய்வாளரிடம் இருந்த காலம் முழுவதும் வண்டி கொட்டகைக்கு வெளியே நின்று மழையில் நனைந்தது. நனைவது தேய்மானத்தில் சேராது.

துறையின் பெயர் இல்லப் பராமரிப்புத் துறை. எழுந்து நடக்க முடியாத நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது அதன் வேலை. சிஸ்டரும் அவளைப் போன்ற சிலரும் அந்த வேலையைச் செய்தார்கள். மற்றவர்கள் அந்த வேலை நடக்கிறதா என்று பார்த்தார்கள். பார்ப்பதற்கு மூன்று மாடிகள் தேவைப்பட்டன.

சிஸ்டருடைய சுற்றில் கடைசி வீடு ஒரு தையல்காரம்மாவுடையது. கடைகள் முடிந்து, செங்கல் சூளை தாண்டி, மண் சாலையில் போக வேண்டும். இடுப்பெலும்பில் புற்று. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. காலையில் ஓர் ஊசி, மாலையில் ஓர் ஊசி. ஊசி போட்டால் தையல்காரம்மா வம்பு பேசுவாள், கூட இருக்கும் தங்கையைத் திட்டுவாள், தெருவில் போகிறவர்களின் ரவிக்கைத் தையலைக் குறை சொல்வாள். போடாவிட்டால் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். அந்த மருந்தை வீட்டில் கொடுத்துவிட்டு வரக் கூடாது. சிஸ்டர் கையால் எடுத்துப்போய் சிஸ்டர் கையால்தான் போட வேண்டும். அது விதி. ஆகவே தையல்காரம்மாவுக்கும் தலையணைக்கும் நடுவில் இருந்தது அந்த பைக் மட்டும்தான்.

பைக் பெட்ரோலைக் குடித்தது. சைலன்சரிலிருந்து கரும்புகை வந்தது. பின்னால் வருகிறவர்கள் சிஸ்டரை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்து முறைத்தார்கள். துறை வண்டியை வெளியே எந்த மெக்கானிக்கிடமும் காட்டக் கூடாது. காட்டினால் அது சேதப்படுத்தியதாகும். எனவே சிஸ்டர் வண்டிப் பிரிவுக்குப் போய்ச் சொன்னாள்.

வண்டிப் பிரிவின் பொறியாளர் நல்ல மனிதர். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். அது அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தது. சோக் இழுக்கும் கம்பியை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. துரு பிடித்து, பாதி இழுத்த நிலையிலேயே இறுகிக் கிடந்தது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புவதற்காக ஒரு நிமிடம் இழுத்துவிட வேண்டியது, எந்நேரமும் இழுத்தபடியே இருந்தது. இன்ஜினுக்குக் காற்று குறைந்து பெட்ரோல் அதிகமாகப் போனது. இதையெல்லாம் அவர் சிஸ்டரை நடைபாதைக்கு அழைத்துப்போய், தண்ணீர்க் குழாய் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சொன்னார்.

அப்படியென்றால் கம்பியை மாற்றிவிடலாமே என்றாள் சிஸ்டர்.

"மாத்தலாம். ஆனா ஏன் மாத்தினேன்னு எழுதணும். வண்டி கொடுக்கும்போது நல்ல நிலைன்னு கையெழுத்துப் போட்டது யாரு? நான். என் கையெழுத்தை நானே பொய்யின்னு எழுதச் சொல்றீங்களா சிஸ்டர்? நான் புள்ளகுட்டிக்காரன்."

அவர் உள்ளே போய், வண்டியில் குறையொன்றும் இல்லை, பெட்ரோல் மட்டும் குறைகிறது என்று எழுதினார்.

இரண்டாம் மாடிக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. வண்டியில் குறையில்லை. பெட்ரோல் குறைகிறது. மீதி இருப்பது ஓட்டுகிறவள்.

துணை இயக்குநர் சிஸ்டரை அழைத்தார். அவர் அறைச் சுவரில் அந்த பைக்கின் பழைய விளம்பரத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். ஒரு நடிகர் பைக்கில் சாய்ந்து சிரித்தார். அவர் தலைக்கு மேல், லிட்டருக்கு அறுபது கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. உங்கள் வண்டி இருபதுகூடத் தருவதில்லை என்று துணை இயக்குநர் வருத்தத்தோடு சொன்னார். நடிகரைக் காட்டி, அவர் எப்படி ஓட்டுகிறார் பாருங்கள் என்றார்.

"உங்களைத் திருடின்னு நான் சொல்லவே இல்ல சிஸ்டர். இந்த ரூம்ல அந்த வார்த்தையை யாரும் பேச மாட்டோம். பெட்ரோல் காணாமப் போகுது. வண்டி உங்க கையில இருக்கு. இதுல என் சொந்த அபிப்பிராயம் ஒண்ணுமே கிடையாது."

சோக் கம்பி இறுகியிருக்கிறது என்று சிஸ்டர் சொன்னாள். யார் சொன்னது என்று அவர் கேட்டார். சிஸ்டர் சற்று யோசித்தாள். பொறியாளரின் பிள்ளைகளை நினைத்திருக்கலாம். எனக்கே தோன்றியது என்றாள். துணை இயக்குநர் குறித்துக்கொண்டார். வண்டியின் உட்பாகங்களைப் பற்றி இந்த ஊழியருக்கு வழக்கத்துக்கு மீறிய அறிவு இருக்கிறது.

அந்த வாரமே எரிபொருள் நேர்மைக் குழு அமைக்கப்பட்டது. துணை இயக்குநர் தலைவர். கணக்கு அலுவலர், துறை மருத்துவர், பொறியாளர் ஆகியோர் உறுப்பினர்கள். பொறியாளரைத் தவிர வேறு யாருக்கும் பைக் ஓட்டத் தெரியாது. அது நடுநிலைக்கு உகந்தது என்று தலைவர் தொடக்க உரையில் குறிப்பிட்டார். பொறியாளருக்கு ஓட்டத் தெரியும் என்பதால் அவருக்கு வாக்குரிமை இல்லை.

குழு முதலில் சிஸ்டரை எடை போட்டது. சீருடையோடு ஒரு முறை, காலணியோடு ஒரு முறை, மருந்துப் பையோடு ஒரு முறை. துறை மருத்துவர் நோயாளியைப் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்ததால் மிகுந்த ஆர்வத்தோடு இந்த வேலையைச் செய்தார். சிஸ்டரின் எடையில் தவறு காண முடியவில்லை. பை கனமாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார். கொட்டச் சொன்னார். கட்டுத் துணி, கையுறை, மூத்திரக் குழாய், புண் கழுவும் உப்பு நீர்ப் புட்டிகள் மேசையில் பரவின. அவர் புட்டிகளைத் தனியாக நகர்த்தி வைத்தார்.

"இது தண்ணிதானேம்மா. தண்ணியை இங்கேருந்து சுமந்துட்டுப் போனா வண்டி என்ன பண்ணும்? நோயாளி வீட்டுல தண்ணி இருக்காதா?"

படுக்கைப் புண்ணைக் குழாய்த் தண்ணீரில் கழுவ முடியாது என்று சிஸ்டர் சொன்னாள். மருத்துவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். தானும் மருத்துவம் படித்தவன்தான் என்றார். அன்றைக்குப் புட்டிகள் இல்லாமல்தான் அவள் சுற்றுக்குப் போனாள். மறுநாள் முதல் சொந்தச் செலவில் வாங்கிச் சீருடைக்குள் செருகிக்கொண்டாள். மைலேஜ் கூடவில்லை.

அடுத்து வீட்டைப் பார்க்க வந்தார்கள். சிஸ்டரின் கணவர் குளிர்பதனக் கிடங்கில் சுமை ஏற்றுகிறவர். இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பினார்கள். கணக்கு அலுவலர் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார். சமையலறையில் எண்ணெய்ப் போத்தலைத் திறந்து முகர்ந்தார். குளியலறை வாளியில் விரலை விட்டுப் பார்த்தார். வீட்டில் என்ன வாகனம் இருக்கிறது என்று கணவரிடம் கேட்டார். சைக்கிள் என்றார் அவர். வேறு? வேறு இல்லை. அப்படியானால் பெட்ரோல் எங்கே போகிறது என்று அவரிடமே கேட்டார்கள்.

கணவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார். "சைக்கிளுக்கு பெட்ரோல் ஊத்தினா ஓடுமா சார்?"

பணியாளரின் கணவர், மிதிவண்டியில் பெட்ரோலைப் பயன்படுத்துவதற்கான வழிமுறைகள் பற்றி விசாரித்தார் என்று குழு பதிவுசெய்தது.

அவர்கள் போன பிறகு கணவர் சிஸ்டரிடம் கேட்டார்: "நீ நெசமாவே ஒண்ணும் எடுக்கலையே?"

அன்று சிஸ்டர் அவர் தட்டில் சோற்றை வைத்துவிட்டு, குழம்பை அவரே ஊற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

திருட்டு நிரூபிக்கப்படவில்லை. ஆகவே அது திறமையாக நடக்கிறது என்று குழு முடிவுக்கு வந்தது. பெட்ரோல் டாங்க்கின் மூடிக்கு முத்திரை வைக்க உத்தரவாயிற்று.

வேறு பூட்டு வைக்கலாம் என்று பொறியாளர் சொல்லிப் பார்த்தார். பூட்டுக்குச் சாவி உண்டு, சாவிக்கு நகல் உண்டு என்றார் தலைவர். அரக்குக்கு நகல் இல்லை. பழைய கிடங்கிலிருந்து துறையின் பித்தளை முத்திரை எடுத்துவரப்பட்டது. இரண்டு கைகளும் ஒரு விளக்கும் கொண்ட சின்னம். கீழே 'பரிவு' என்று எழுதியிருக்கும்.

அதன் பிறகு ஒவ்வொரு நாள் காலையும் இப்படி நடந்தது. சிஸ்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் முற்றத்தில் நிறுத்த வேண்டும். ஒருவர் முதல் நாள் முத்திரை சிதையாமல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். இன்னொருவர் அதை உடைப்பார். மூன்றாமவர் கழுத்துவரை பெட்ரோல் ஊற்றுவார். அதற்குள் மண்ணெண்ணெய் அடுப்பில் அரக்கு உருகியிருக்க வேண்டும். பெட்ரோலுக்குப் பக்கத்தில் அடுப்பு எரிவது குறித்து யாரோ கேட்டதற்கு, அடுப்பு துறைக்குச் சொந்தமானது என்று விளக்கம் தரப்பட்டது. மூடிமேல் அரக்கை ஊற்றுவார்கள். சாவித் துளை, விளிம்பு, நடுவில் இருக்கும் ஊசிமுனைத் துளை எல்லாம் சிவப்பாக மூடிக்கொள்ளும். தலைவர் மாடியிலிருந்து இறங்கிவந்து முத்திரையை அழுத்துவார். சில நாட்களில் தேநீர் குடித்துவிட்டு இறங்குவார். தையல்காரம்மாவின் காலை ஊசி, தேநீரின் சூட்டைப் பொறுத்தது.

அதுவரை பெட்ரோலைக் குடித்த வண்டி இப்போது நிற்கவும் தொடங்கியது.

புறப்படும்போது ஒழுங்காகத்தான் ஓடும். கடைத்தெரு தாண்டியதும் இழுக்காது. இரண்டு முறை இருமும். ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்க வேகம் குறையும். நின்றுவிடும். கிக்கரை உதைத்தால் வெறுமனே போய்வரும். கொஞ்ச நேரம் சும்மா நின்றால் மறுபடி கிளம்பும். சூளை வரை போகும். மறுபடி நிற்கும். ஒருநாள் நாற்சந்தி நடுவில் நின்றது. பின்னால் வந்த லாரி அவள் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி பிரேக் அடித்தது. லாரிக்காரன் திட்டியதில் பாதிக்குமேல் நியாயம் இருந்தது என்று சிஸ்டருக்குப் பட்டது.

வியர்த்து விறுவிறுத்து, மண் சாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் போய்ச் சேரும்போது தையல்காரம்மாவின் உதடு கடிபட்டு வீங்கியிருக்கும். ஊசி போட்டுச் சற்று நேரம் போனதும் பேச்சு வரும்.

"நான் போய்ச் சேர்ந்துட்டா உனக்கு வண்டி தள்ளுற வேலை மிச்சம். நான்தான் சாவாம உன்னை இழுத்தடிக்கிறேன்."

"சும்மா இரு அக்கா," என்பாள் தங்கை.

"நீ சும்மா இருடி. சிஸ்டரு என்னைப் பார்க்க வருது. உன்னையா பார்க்க வருது?"

சிஸ்டர் மறுபடி வண்டிப் பிரிவுக்குப் போனாள். பொறியாளர் அவளைக் கண்டதுமே எழுந்து நடைபாதைக்கு வந்துவிட்டார். வண்டியைப் பார்க்கக்கூட இல்லை. முன்னமே தெரியும் என்றார். டாங்க்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்காகத்தான் மூடியில் ஊசித் துளை. அரக்கு அதை அடைத்துவிட்டது. உள்ளே காற்று போகாமல் பெட்ரோல் கீழே இறங்காது. வண்டி நின்றுவிடும். இடுக்குகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்த பிறகு மறுபடி ஓடும்.

கணக்கு அலுவலருக்கும் இது தெரியும் என்றார். மருத்துவருக்கும் சொல்லியாயிற்று. தலைவரே போன வாரம் இவரைத் தனியாக அழைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"தெரிஞ்சும் அரக்கு வைக்கிறாரா?"

"அவர் போட்ட உத்தரவாச்சே சிஸ்டர். உத்தரவாலதான் வண்டி நிக்குதுன்னு அவரே எப்படிக் கண்டுபிடிப்பாரு? வேற காரணம் ஏதாவது கிடைக்குதான்னு பார்த்துட்டிருக்கோம். எல்லாரும் பார்த்துட்டிருக்கோம்."

அன்று மாலை இதைச் சிஸ்டர் தையல்காரம்மாவிடம் சொன்னாள். தையல்காரம்மா சிரித்தாள். சிரித்தால் இடுப்பில் குத்தும். இருந்தும் சிரித்தாள். ஒருத்தனுடைய மூக்கையும் வாயையும் பொத்திப் பிடித்துக்கொண்டு, ஏன்டா மூச்சு விடவில்லை என்று கேட்கிறார்களா என்றாள். பிறகு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, அவர்களில் யாருக்காவது எங்கேயாவது வலித்திருக்குமா என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

வேறு காரணம் கிடைத்தது. முத்திரை உள்வாங்கியிருந்தது.

வெயிலில் அரக்கு இளகியபோது, டாங்க் உள்ளேயிருந்து அதை உறிஞ்சியிருக்கிறது. இரண்டு கைகளும் விளக்கும் ஒரு குழிக்குள் இறங்கிக் கிடந்தன. பூதக்கண்ணாடிக்காரர் மாடிக்கு ஓடினார். குழு அவசரமாகக் கூடியது. சிஸ்டரின் கட்டைவிரல் குழியில் பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்தார்கள். பொருந்தியது. கணக்கு அலுவலரின் கட்டைவிரலும் பொருந்தியது. அது பதிவாகவில்லை.

"இது வெறும் அரக்கு இல்ல சிஸ்டர்," என்றார் தலைவர். குரல் கொஞ்சம் தழுதழுத்தது. "இது துறையோட முகம். பரிவுன்னு எழுதியிருக்கு, பாருங்க. அதுமேல ஒருத்தர் கட்டைவிரலை வைக்கிறாங்கன்னா, அவங்க யார்மேல வைக்கிறாங்க? நோயாளிங்க மேல வைக்கிறாங்க. எனக்கு நோயாளிங்கதான் முக்கியம். அவங்க யாரையும் நான் பார்த்ததில்ல. பார்க்காமலே முக்கியம்."

அரக்கை எடுத்துவிட்டு ஒரே ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள் என்று சிஸ்டர் கேட்டாள். குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. முத்திரை இல்லாத வண்டியில் நடக்கும் சோதனைக்கு எந்த முத்திரையும் இருக்காது என்று தலைவர் சுட்டிக்காட்டினார். மாறாக, வண்டி நிற்பது உண்மைதானா என்று குழுவே நேரில் காண வேண்டும் என்று தீர்மானித்தார்கள். இதுவரை வண்டி நின்றதாகச் சொன்னவர் ஒருவர்தான். அவர்மேல்தான் விசாரணை நடக்கிறது.

சோதனை நாளில் அரக்கு வழக்கத்தைவிடத் தடிமனாக ஊற்றப்பட்டது. சிஸ்டர் முன்னால் போனாள். பின்னால் குழுவின் கார். அதற்குப் பின்னால் நாற்காலிகளும் குடிதண்ணீர் கேனும் ஏற்றிய வேன். சுற்றைத் தள்ளிவைக்கச் சொன்னதற்கு, மாலை ஊசி இருக்கிறது என்று சிஸ்டர் மறுத்திருந்தாள். சரி, அந்த வழியிலேயே சோதனை நடக்கட்டும் என்று தலைவர் பெருந்தன்மையோடு அனுமதித்தார். மருந்துப் பை அவள் தோளில் இருந்தது.

கடைத்தெரு தாண்டியதும் வண்டி இருமியது. சூளை மதிலோரம் நின்றது.

கார் நின்றது. நான்கு கதவுகளும் திறந்தன. ஒருவர் குடை பிடித்தார். வேனிலிருந்து நாற்காலிகள் இறங்கின. நின்றது நின்றபடியே இருக்க வேண்டும், யாரும் தொடக் கூடாது என்று தலைவர் கையை உயர்த்தினார். கணக்கு அலுவலர் மதிலுக்கும் சக்கரத்துக்கும் இடையே டேப் பிடித்தார். மருத்துவர் இன்ஜின்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, சூடு இருக்கிறது என்றார். காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பதில் இருவருக்குள் கருத்து வேறுபாடு வந்தது. அதற்கு வாக்கெடுப்பு நடந்தது. சூளையில் கல் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு மதிலுக்கு மேலே தலைகளை வரிசையாக வைத்துப் பார்த்தார்கள்.

ஊசிக்கு நேரமாகிவிட்டது, வீடு பக்கம்தான், காரில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்றாள் சிஸ்டர். கார் விசாரணைக்கு வந்தது, மருத்துவத்துக்கு வரவில்லை என்றார்கள். அப்படியானால் நடந்து போகிறேன் என்றாள். விசாரணை இடத்தைவிட்டு அவள் போனால் அது தப்பி ஓடியதாகும் என்று கணக்கு அலுவலர் நினைவூட்டினார். உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன் என்றும் சொன்னார்.

அவளுடைய போன் அடித்தது. தையல்காரம்மாவின் தங்கை.

பழைய போன். காதில் வைத்தாலும் வெளியே கேட்கும். எங்கே இருக்கிறீர்கள் சிஸ்டர் என்று தங்கை கேட்டது எல்லோருக்கும் கேட்டது. அதற்குப் பின்னாலிருந்து வந்ததும் கேட்டது. அது பேச்சு இல்லை. கூப்பிடுவதும் இல்லை. கல் அடுக்குகிறவர்களில் ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். குழுவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் ஊற்றுவதை நிறுத்தினார்.

பதிவு எழுதுகிறவர் பேனாவோடு நிமிர்ந்து தலைவரைப் பார்த்தார்.

"வெளிச் சத்தம்னு போட்டுக்கோங்க," என்றார் தலைவர். "விசாரணைக்குச் சம்பந்தம் இல்லாதது."

சிஸ்டர் போனைச் சீருடைப் பையில் போட்டாள். அணைக்கவில்லை. மருந்துப் பையைத் திறந்தாள். கட்டுத் துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள். வண்டிக்குப் போனாள். யாரோ "சிஸ்டர்" என்றார்கள். கத்தரிக்கோலின் முனையை அரக்குக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். இரண்டு கைகளும் விளக்கும் பரிவும் ஒரே வில்லையாகப் பெயர்ந்து மண்ணில் விழுந்தன. சாவித் துளையில் ஒட்டியிருந்ததைச் சுரண்டினாள். மூடியைத் திறந்தாள்.

டாங்க் மூச்சை இழுத்தது. நீளமான ஒரு மூச்சு. நாற்காலிகளில் இருந்தவர்களுக்கும் மதில்மேல் இருந்தவர்களுக்கும் அது கேட்டது.

மூடியை மூடி, ஒரே உதை. வண்டி கிளம்பியது. அவள் ஏறிப் போய்விட்டாள். கரும்புகை குழுவின்மேல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கலைந்தது.

தலையணை உறை கிழிந்து பஞ்சு தையல்காரம்மாவின் வாயோரம் ஒட்டியிருந்தது. தங்கை அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கட்டிலில் குப்புற விழுந்து கிடந்தாள். சிஸ்டர் ஊசி போட்டாள். பஞ்சை எடுத்தாள். மருந்து வேலை செய்யும்வரை கிழிந்த உறைக்குள் அதைத் திணித்தாள்.

"நான் கத்தினது கேட்டுச்சா?" என்றாள் தையல்காரம்மா.

"கேட்டுச்சு."

"அவங்களுக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்ன சொன்னாங்க?"

சிஸ்டர் ஊசியை ஒடித்துப் பெட்டியில் போட்டாள். "ஒண்ணும் சொல்லலம்மா," என்றாள்.

இறுதிக் கூட்டம் மூன்றாம் மாடியில் நடந்தது. பெயர்ந்த முத்திரையை வெள்ளைத் துணியில் வைத்து மேசை நடுவில் வைத்திருந்தார்கள். சோதனை முழு வெற்றி என்று தலைவர் அறிவித்தார். இதுவரை யாராலும் விளங்கிக்கொள்ள முடியாமல் இருந்த ஒன்று, குழுவின் கண்ணெதிரிலேயே விளங்கிவிட்டது.

"எல்லாரும்தானே பார்த்தோம். நிக்கணும்னு அவங்க நினைச்சப்ப வண்டி நின்னுச்சு. போகணும்னு நினைச்சப்ப ஒரே உதையில போச்சு. இனி வண்டியைக் குறை சொல்றதுக்கு என்ன இருக்கு? அந்த வண்டி பாவம்."

தொழில்நுட்பக் கருத்து உண்டா என்று பொறியாளரைக் கேட்டார்கள். பொறியாளர் சிஸ்டரைப் பார்க்கவில்லை. தலைவர் சொன்னதுதான் தொழில்நுட்பக் கருத்தும் என்றார். வாக்குரிமை இல்லாதபோதும் கையையும் உயர்த்தினார்.

சிஸ்டருக்குத் தண்டனை எதுவும் தரப்படவில்லை. அந்த வார்த்தையையும் அங்கே யாரும் பேசுவதில்லை. வண்டியின் களைப்பைக் கருதி அதை அவளிடமிருந்து விடுவித்தார்கள். அவளை இரண்டாம் மாடியில் உட்காரவைத்து, வீடுகளுக்குப் போகும் வேலை நடக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். பைக் கொட்டகைக்குப் போனது. இந்த முறை உள்ளே நிறுத்தினார்கள். அந்த மாதம் அது ஒரு சொட்டுப் பெட்ரோல் குடிக்கவில்லை. வழியில் ஒரு முறைகூட நிற்கவில்லை. இரண்டு குறைகளும் நீங்கிவிட்டன என்று குழு தன் அறிக்கையை முடித்தது. அரக்குத் திட்டம் துறையின் எல்லா வண்டிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. வழிநெடுக வண்டிகள் நின்றன. நின்ற வண்டிகளில் பெட்ரோல் மிச்சமானது. தலைவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள்.

வண்டி இல்லாமற்போன பகுதிகளுக்குத் தனி ஏற்பாடு செய்யப்பட்டது. அங்கே இருக்கும் நோயாளிகள் தாங்களே அலுவலகத்துக்கு வந்து ஊசி போட்டுக்கொள்ளலாம். அப்படி வந்து சேர்கிறவர்கள் நடக்கக்கூடியவர்கள் என்பதால் துறையின் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார்கள்.

இந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்து ஒட்டும் வேலை, இரண்டாம் மாடியில் அவளுடைய முதல் நாளிலேயே, சிஸ்டருக்குத்தான் வந்தது. ஒட்டிவிட்டு இடத்துக்குத் திரும்பியபோது போன் அடித்தது. காலை ஊசிக்கு யாரும் வரவில்லையே சிஸ்டர் என்றாள் தையல்காரம்மாவின் தங்கை. புதிதாக வேறு சிஸ்டர் போட்டிருக்கிறார்களா, எப்போது வருவாள் என்று கேட்டாள். பின்னால் சத்தமே இல்லை. அது சிஸ்டரைப் பயமுறுத்தியது. உன் அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

"கடிச்சிட்டிருக்கா," என்றாள் தங்கை.

சிஸ்டர் எழுந்து மருந்துக் கிடங்குக்குப் போனாள். கிடங்குக்காரர் இல்லை. எல்லா வண்டிகளுக்கும் அரக்கு உருக்க ஆள் போதாததால் அவரை முற்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். வலி மருந்து அலமாரியின் சாவி ஆணியில் தொங்கியது. அலமாரிக்கு முத்திரை இல்லை. உள்ளே என்ன இருந்தது, என்ன இருக்கிறது என்று பார்க்க எந்தக் குழுவும் இல்லை. அவள் மருந்துக் குப்பிகளை ஒரு பெட்டியோடு எடுத்தாள். ஊசிகளை எடுத்தாள். உப்பு நீர்ப் புட்டிகளையும் எடுத்தாள். துறையின் பொருளை அவள் திருடியது அதுதான் முதல் தடவை.

வாசலில் காவலாளி நிறுத்தினார். பெட்ரோல் வெளியே போகாமலிருக்க, போகிறவர்களின் பைகளை முகர்ந்து பார்க்கும்படி அன்று காலைதான் உத்தரவு வந்திருந்தது. இந்த வேலைக்குத் தன் மூக்கைத் தவிர வேறொன்றும் தரவில்லை என்று அவர் சங்கடப்பட்டார். பையைத் திறந்தார். மருந்துப் பெட்டியை வெளியே எடுத்து, நான்கு பக்கமும் திருப்பி முகர்ந்தார். புட்டிகளை முகர்ந்தார். ஊசிகளையும் விடவில்லை. எல்லாவற்றையும் எடுத்த ஒழுங்கிலேயே திரும்ப அடுக்கிவைத்தார்.

"பெட்ரோல் இல்ல. போங்க சிஸ்டர்," என்றார்.

பையின்மேல் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். நேர்மையானது என்று அர்த்தம். சிஸ்டர் சூளைப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்கச் சாலையைக் கடந்து ஓடினாள்.